பத்தொம்பது நாள்

இல்ல மார்லா, நீங்க போயி உக்காருங்க. அம்மாவ இப்பத்தான் மண்ணுக்குள்ள வச்சிட்டு வந்திருக்கீங்க, வந்ததும் வராததுமா தட்டு கழுவணுமா? ஹால்ல சொந்தக்காரங்க எல்லாம் உங்களத்தான் தேடுவாங்க... ஓ. அவங்க பேச்சுதான் தாங்கலையா. சரி, அப்ப இங்கயே நில்லுங்க. அந்தத் துணிய எடுத்து, நான் கழுவி வைக்கிறதத் தொடச்சு மட்டும் அடுக்குங்க. தண்ணில கைய விட்டுடாதீங்க. இந்தச் சர்ச்சுக் குழாய்க்கு ரெண்டே புத்திதான், ஒண்ணு ஐஸு, இல்லன்னா கொதி.

நானா? மிஸ்டி. உங்கம்மா லொரெட்டாகூட முதியோர் இல்லத்துல வேல பாக்குறவ. அவங்களுக்கு அங்க இருவத்திரண்டு வருஷம், எனக்கு ரெண்டு வருஷம் சொச்சம். ஒரே வராண்டா, ஒரே ஷிப்டு. பேரு கேட்ட மாதிரி இருக்கா? ம். ஃபோன்ல சொல்லியிருப்பாங்க. என்ன சொன்னாங்கன்னு நான் கேக்க மாட்டேன்.

லீவெல்லாம் இல்லங்க. சாவு லீவு ரத்த சொந்தத்துக்கு மட்டும்தான். ஆபீஸ்ல பெவர்லி இருக்காங்கல்ல, லொரெட்டா உனக்கு என்ன உறவுன்னு கேட்டாங்க. கம்ப்யூட்டர்ல ஒரு கட்டம் இருக்காம், அதுல எதையாவது போட்டாத்தான் அடுத்த பக்கம் போகுமாம். என்னன்னு சொல்றது? காலை ஷிப்ட வேற ஒரு பொண்ணுகிட்ட மாத்திக்கிட்டேன். உங்களுக்கு எத்தன நாள் குடுத்தாங்க? மூணா. போக ஒண்ணு வர ஒண்ணுன்னு ஏரோப்ளேன்லயே போயிடுமே. அரிசோனா என்ன பக்கத்துத் தெருவா.

பாஸ்டர் சொன்னத மனசுல வச்சிக்காதீங்க. லொரெட்டா பிடிவாதக்காரி, டாக்டர் வாசல மிதிக்கவே மாட்டான்னு சொன்னாரு, எல்லாரும் சிரிச்சாங்க. நீங்களும் தலைய ஆட்டுனீங்க. நான் பின்னாடி வரிசைலதான் நின்னேன், பாத்தேன். கோவம் இருக்கும். நேரத்தோட போயி காட்டியிருந்தா இன்னிக்கு இருந்திருப்பாங்களேன்னு இருக்கும். இருக்காதா பின்ன.

இருங்க, அதுக்குத்தான் வர்றேன். எனக்கு நேராப் பேச வராது. சுத்தித்தான் வருவேன், கொஞ்சம் பொறுத்துக்கணும்.

போன வருஷம் ஜனவரில எனக்குப் பையன் பொறந்தான். கேலப். ஏப்ரல்ல பொறக்க வேண்டியவன், ஜனவரியில வந்துட்டான். அன்னிக்கு உங்கம்மாவும் நானும் சேந்து ஒரு பெரியவரக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தோம். கால்ல ஈரமா இருக்கேன்னு பாத்தேன், ஷவர் தண்ணின்னு நெனச்சேன். உங்கம்மாதான் கீழ பாத்தாங்க. துண்ட எடுத்துப் பெரியவரச் சுத்தி உக்கார வச்சாங்க, என்னையும் சுத்தி உக்கார வச்சாங்க, பதறவே இல்ல. ரெண்டு பேரையும் பாத்து, அசையாம இருங்கன்னு சொல்லிட்டுப் போயி ஆம்புலன்சக் கூப்புட்டாங்க. அந்தப் பெரியவரு பாவம், ஆம்புலன்சு தனக்குத்தான் வந்துச்சுன்னு கடைசி வரைக்கும் நம்புனாரு.

கொலம்பஸ் பெரியாஸ்பத்திரி வரைக்கும் தூக்கிட்டுப் போனாங்க. வயித்த அறுத்துத்தான் எடுத்தாங்க. ரெண்டு கையையும் சேத்து வச்சா அதுக்குள்ள அடங்கிடுவான், அவ்வளவுதான் பையன். கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சாங்க. எத்தன நாளுன்னு கேட்டேன். அவன் பொறக்க வேண்டிய தேதி வரைக்கும்னு வச்சிக்கோன்னாங்க.

இப்ப கேளுங்க. இல்லத்துல வேலைக்குச் சேந்து எனக்கு எட்டு மாசம் ஆயிருந்துச்சு. சட்டப்படி பன்னெண்டு வாரம் லீவு உண்டு, சம்பளம் இல்லாத லீவு, ஆனா ஒரு வருஷம் முடிச்சவங்களுக்குத்தான். நாலு மாசம் கம்மி. பெவர்லிகிட்ட ஆஸ்பத்திரிக் கட்டில்லருந்தே ஃபோன் போட்டுக் கேட்டேன். அவங்க கெட்டவங்க இல்ல, அவங்களும் மூணு பெத்தவங்கதான். விதி இப்படித்தான் இருக்கு மிஸ்டின்னாங்க. என் வீட்டுக்காரர் ட்ராவிஸ் கல்லு குவாரியில லாரி ஓட்டுறாரு. இருவது பேரு வேல பாக்குற எடம், அம்பது பேருக்குக் கம்மின்னா சட்டம் எட்டியே பாக்காது. முதலாளி ரெண்டு நாள் குடுத்தாரு, முதுகுல தட்டிக் குடுத்தாரு.

அதனால ஒம்பதாம் நாள் வேலைக்கு வந்துட்டேன், அந்த எட்டு நாளும் சம்பளம் இல்லாமத்தான். தையல் பிரிக்கல. என்கிட்ட இருந்த லீவே நாலஞ்சு நாளுதான். அத இப்பவே தின்னுட்டா, பையன் வீட்டுக்கு வர்றப்ப கையில ஒண்ணும் இருக்காது. பெட்டிக்குள்ள இருக்குற வரைக்கும் நர்சுங்க பாத்துக்குவாங்க, வெளிய வந்தப்புறம்தான் நான் வேணும்னு கணக்குப் போட்டேன். அந்த வார்டுல எல்லாத் தாயும் அதே கணக்குத்தான் போடுறாளுங்க. பக்கத்துப் பெட்டிக்காரி ஒருத்தி ஆறாம் நாள் ஓட்டல்ல தட்டு தூக்கப் போயிட்டா.

வலிச்சுதாவா? வலிச்சுது. நம்ம வேல உங்களுக்குத் தெரியுமே. ஆளத் தூக்கணும், பொரட்டணும், உக்கார வைக்கணும். உங்கம்மா என்ன பண்ணுனாங்க தெரியுமா? என் பக்கத்து ஆறு ரூமையும் சேத்து எடுத்துக்கிட்டாங்க. நீ நிமித்தி உக்கார வைக்க வேணாம் கண்ணு, பல்லு மட்டும் தேச்சு விடு, மத்தத நான் வந்து பாக்குறேன்னாங்க. அம்பத்தெட்டு வயசுல இருவது பேரத் தூக்குனாங்க. யார்கிட்டயும் சொல்லல. சூப்பர்வைசர் கேட்டா, மிஸ்டி அந்த ரூம முடிச்சிட்டாளேன்னுடுவாங்க.

மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா நான் துணி ரூமுக்குள்ள போயி பாலெடுப்பேன். படுக்கை விரிப்பெல்லாம் அடுக்கி வச்சிருக்குற ரூமு. கதவுக்குத் தாப்பா கெடையாது. உங்கம்மா வெளிய ஒரு வீல்சேரப் போட்டுக் கதவுல சாஞ்சு உக்காந்துக்குவாங்க. எவனாவது போர்வை வேணும்னு வந்தா, போர்வை தீந்துபோச்சு, நாளைக்கு வான்னு சொல்லுவாங்க. ஒரு நாள் இல்லத்தோட டைரக்டரே வந்தாரு. அவருக்கும் நாளைக்குத்தான்.

சிரிங்க சிரிங்க. அவங்க அப்படித்தான்.

பால ஐஸ் பெட்டில போட்டு, வாரத்துல ரெண்டு நாளு லீவு வர்றப்ப கொலம்பஸுக்கு எடுத்துட்டுப் போவோம். ரெண்டு மணி நேரம் போக, ரெண்டு மணி நேரம் வர. பதினோரு வாரத்துல என் பையன நான் பாத்தது இருவத்தஞ்சு தடவ இருக்குமா, அதுகூட இருக்காது. அவன் மொதல்ல கண்ணத் தொறந்தத ஒரு நர்சுப் பொண்ணு பாத்தா. நல்ல பொண்ணு. படம் பிடிச்சு அனுப்புனா. நான் அப்ப நாலாம் நம்பர் ரூம்ல ஒருத்தருக்குக் கஞ்சி ஊட்டிக்கிட்டு இருந்தேன்.

அந்தத் தட்ட இப்படி வைங்க. அது பெவர்லி வீட்டுது, பின்னாடி பேரு எழுதி ஒட்டியிருக்கும்.

மார்ச் கடைசில ஃபோன் வந்துச்சு. பையன் தேறிட்டான், அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்புறோம், ஆனா ஆக்சிஜனோட வருவான்னாங்க. மூக்குல குழாய், கூடவே ஒரு மெஷினு, மூச்சு நின்னா கத்தும். ரெண்டு நாள் நீ இங்க வந்து தங்கிக் கத்துக்கணும், அப்புறம் ஒரு மாசத்துக்காவது ஆளு கூடவே இருக்கணும்னாங்க. ஆக்சிஜன் குழாயோட இருக்குற புள்ளைய எந்தக் காப்பகமும் எடுத்துக்காது. நான் நாலு எடத்துல கேட்டுட்டேன். ட்ராவிஸோட அம்மா கடை வேலைக்குப் போறாங்க. எங்கம்மா இல்ல.

என்கிட்ட ஆறு நாள் இருந்துச்சு.

பெவர்லிதான் ஒரு வழி சொன்னாங்க. ஒருத்தர் லீவ இன்னொருத்தருக்கு எழுதிக் குடுக்கலாமாம், அதுக்கு ஃபாரம் இருக்காம். டீ குடிக்கிற ரூம்ல ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்துல ஒரு பேப்பர ஒட்டுனாங்க. மேல என் பேரு, கேலப் படம். கீழ கோடு போட்டு, யாரு எத்தன நாள்னு. மார்லா, எனக்கு அந்த ரூமுக்குள்ள போகவே கூசுச்சு. எல்லாரும் என்னப் போலத்தான, யாரு கைல என்ன இருக்கு? சமையல்காரரு ஒரு நாள் எழுதுனாரு. துணி தொவைக்கிற அம்மாகிட்ட இருந்ததே ஒரு நாளு, அதுல பாதிய எழுதுனாங்க. அஞ்சு நாள்ல மொத்தம் ஆறு சேந்துச்சு. கோயில் உண்டியல் மாதிரி தெனம் ஒருக்கா எட்டிப் பாப்பேன், பாத்துட்டு ஓடியாந்துடுவேன்.

ஆறாம் நாள் போனா உங்கம்மா பேரு. லொரெட்டா, பத்தொம்பது.

ஆமா. பத்தொம்பது. அவங்ககிட்ட இருந்தது முழுசும். மூணு வருஷமா ஒரு நாளு எடுக்காம சேத்தது. கொலம்பஸுக்கு ஒரு கல்யாணத்துக்குக் கூப்புட்டதுக்குக்கூடப் போகல. நீங்க ஒரு தடவ அரிசோனாவுக்கு வாம்மான்னு கூப்புட்டீங்களாமே. அதுக்கும் எடுக்கல.

இல்ல, உங்கமேல பாசம் இல்லாம இல்ல. நீங்க அப்படி நெனச்சீங்களா? இவ்வளவு வருஷமுமா?

நானும் கேட்டேன், ஏன் இவ்வளவுன்னு. வண்டி நிறுத்துற எடத்துல வச்சு சொன்னாங்க. உங்களுக்கு நாலு வயசு இருக்கும்போது நெஞ்சுச் சளி வந்து ஆஸ்பத்திரில ஒம்பது நாள் கெடந்தீங்களாம். ஞாபகம் இருக்கா? ஜன்னல்ல ஒரு தண்ணித் தொட்டி தெரிஞ்சுதா. அது மட்டும்தான் ஞாபகமா. அம்மா வந்தது ஞாபகம் இல்லையா?

வந்தாங்க மார்லா. தெனம் வந்தாங்க. அப்ப ஷூ ஃபேக்டரில வேல. ஒரு நாள் வரலன்னா எடம் போயிடும், உங்கப்பாவும் அப்ப கூட இல்ல. ஷிப்டு முடிச்சு ஏழு மணிக்கு வருவாங்களாம், எட்டு மணிக்கு மணியடிச்சு வெளிய அனுப்பிடுவாங்களாம். தெனம் எட்டு மணிக்கு நீங்க அலறுவீங்களாம், பாவாடையப் பிடிச்சிக்கிட்டு விடமாட்டீங்களாம். நர்சு வந்து வெரலு வெரலாப் பிரிச்சு விடுவாளாம். அஞ்சாம் நாள் மணியடிச்சப்ப நீங்க அழல. சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டீங்களாம். உங்கம்மா என்கிட்ட சொன்னத அப்படியே சொல்றேன். அவ அழுத நாலு நாளும் எனக்கு மறந்துபோச்சு கண்ணு, அழாத நாளத்தான் மறக்க முடியல, அன்னிக்குத் திரும்புன புள்ள அப்புறம் முழுசா என் பக்கம் திரும்பவே இல்லன்னாங்க.

தொடச்சிக்குங்க. அந்தத் துணி சுத்தமானதுதான்.

அந்தப் பத்தொம்பதும், மத்தவங்க குடுத்த ஆறும், என்னோட ஆறும். முப்பத்தொரு வேல நாளு. ஆறு வாரம் என் புள்ளைய நெஞ்சுமேல போட்டுக்கிட்டுக் கெடந்தேன். மெஷினு மூணு தடவ கத்துச்சு. ரெண்டு தடவ சும்மா, ஒயரு கழண்டது. ஒரு தடவ நெசம். மத்தியானம், நான் பக்கத்துலயே இருந்தேன், நீலமாப் போயிட்டான். ஆஸ்பத்திரில சொல்லிக் குடுத்த மாதிரி உள்ளங்காலத் தட்டி, முதுகத் தேச்சேன். திரும்பி வந்தான். வேற யாராவது இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நான் யோசிக்கிறதில்ல. யோசிக்காம இருக்கத்தான் பாக்குறேன்.

அஞ்சாவது வாரம் குழாய எடுத்தாங்க. ஆறு வாரம் முடிஞ்சு நான் வேலைக்கு வந்தேன். உங்கம்மாகிட்ட அப்ப பூஜ்யம். ஒண்ணுலருந்து சேக்க ஆரம்பிச்சாங்க. ரெண்டு மாசத்துக்கு ஒரு நாளுதான் வரும். நடுவுல ஃப்ளூ வந்து சேத்ததும் போச்சு. போன டிசம்பர்லதான் டெஸ்டுக்குப் போனாங்க. அதுக்குள்ள மாருல இருந்த கேன்சர் எலும்புக்குப் போயிருந்துச்சு. உங்ககிட்ட ஜனவரில சொன்னாங்களா? ம். அவங்களுக்கும் அந்தப் பேப்பர ஒட்டுனோம், அதே ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்துல. நான் மூணு நாள் எழுதுனேன். அவ்வளவுதான் இருந்துச்சு என்கிட்ட. மூணுன்னு எழுதிட்டு அந்தப் பேனாவ ரொம்ப நேரம் கைலயே வச்சிருந்தேன்.

அப்புறம் சட்டத்துல இருக்குற பன்னெண்டு வாரம். சம்பளம் இல்லாம. அதுவும் முடிஞ்சதும் ஒரு கடுதாசி வந்துச்சு, எடத்த வேற ஆளுக்குக் குடுத்துட்டோம், குணமானதும் மறுபடி விண்ணப்பிக்கலாம்னு. உங்கம்மா அத என்கிட்ட படிச்சுக் காட்டுனாங்க. குணமானதும்ங்கற எடத்த மட்டும் ரெண்டு தடவ படிச்சாங்க.

இல்ல மார்லா, அவங்க பிடிவாதக்காரி இல்ல. டாக்டருக்குப் பயந்தவங்களும் இல்ல. அதத்தான் உங்ககிட்ட சொல்லணும்னு காலைலருந்து நின்னுக்கிட்டு இருக்கேன்.

அவங்களுக்குத் தெரியும். மார்ச்சுலயே தெரியும், அந்தப் பேப்பர் ஒட்டுறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி. துணி ரூம்ல நான் பாலெடுத்துக்கிட்டு இருந்தேன், அவங்க உள்ள வந்து கதவுல சாஞ்சிக்கிட்டாங்க. நீயே சட்டையத் தொறந்துக்கிட்டு இருக்க, உன்கிட்ட என்ன வெக்கம், இங்க கொஞ்சம் தொட்டுப் பாருன்னாங்க. தொட்டேன். இடது பக்கம், அக்குளுக்குக் கீழ. கொண்டைக்கடலை அளவுக்கு, கெட்டியா, அசையாம. டாக்டர் பாத்தாச்சு, ஊசி போட்டுச் சதை எடுத்துப் பாக்கணும்கிறாரு, அதுதான்னு வந்தா உடனே ஆபரேஷன், அதுக்கப்புறம் கேன்சருக்குக் கரெண்டு வைக்கிறதுன்னு நாலு வாரம் ஆவும்கிறாருன்னாங்க. ஏப்ரல்ல போறேன், பத்தொம்பது நாள் வச்சிருக்கேன், அது போதும்னாங்க. நான் நல்லாயிடும் லொரெட்டான்னு சொன்னேன். சொல்லிட்டு மறுபடி பாலெடுக்க ஆரம்பிச்சேன்.

ஆமா. எனக்குத் தெரியும்.

பேப்பர்ல பத்தொம்பதுன்னு பாத்ததும் அது எந்தப் பத்தொம்பதுன்னு எனக்குத் தெரியும். ஏன் இவ்வளவுன்னு நான் கேட்டதே அதனாலதான். வேணாம்னு சொல்லத்தான் வண்டிகிட்ட போனேன். அவங்க உங்க கதையச் சொன்னாங்க. சொல்லிட்டு, சம்பளத்தோட லீவு இல்லாம அதத் தெரிஞ்சிக்கிட்டு நான் என்ன பண்ண, இன்னொரு வருஷம் தெரியாமயே இருந்துட்டுப் போறேன்னாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் சாவிய வச்சிக்கிட்டு நின்னாங்க, என்னையே பாத்துக்கிட்டு. நான் ஏதாவது சொல்லுவேன்னு நின்னாங்களோ என்னமோ. தெரியல. அதத்தான் இன்னிவரைக்கும் நெனச்சிக்கிட்டு இருக்கேன்.

தேங்க்ஸ் லொரெட்டான்னு மட்டும் சொன்னேன். மறுநா அந்த லீவு ஃபாரத்துல கையெழுத்துப் போட்டேன்.

நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். பரவாயில்லன்னும் சொல்ல வேணாம். ஃப்ளைட்டுல போறப்ப அம்மா பிடிவாதக்காரின்னு நெனச்சிக்கிட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

கேலபா? நடக்குறான் இப்ப. ரெண்டு வாரமாச்சு. வெளிய வண்டில ட்ராவிஸ்கிட்ட இருக்கான். உள்ள தூக்கிட்டு வரல, உங்க முன்னாடி எப்படிக் கொண்டாந்து நிறுத்துறதுன்னு இருந்துச்சு. பாக்குறீங்களா? பாக்க முடியலன்னா வேணாம் மார்லா. எனக்குப் புரியும்.